ஓருறுப்புக் கோவையும் மாறலும்: இரண்டு பாடமா, ஒரே பாடமா?

செந்தூல்வாசி (கோலாலம்பூர்)

அனைவருக்கும் வணக்கம். என் மகள் ஐந்தாம் படிவத்தில் படிக்கிறாள். எஸ்பிஎம் (மலேசிய இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வு) கணிதத்தில் இவ்வாண்டின் முதல் அத்தியாயமே மாறல்தான். பள்ளியில் மலாய்மொழியில் உபாஹான் என்று படித்துவிட்டு வருகிறாள். வீட்டில் நான் தமிழில் விளக்க முயல்கிறேன். டியூஷனில் கொடுத்த பயிற்சித்தாளின் முதல் பக்கத்தில் பல்லுறுப்புக் கோவைகளை வகைப்படுத்தச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த பக்கத்திலேயே நேர்மாறலும் எதிர்மாறலும் வருகின்றன. இரண்டையும் ஏன் ஒரே தாளில் வைத்தார்கள் என்பது எனக்குப் புரியவில்லை. அது போகட்டும், இரண்டு கணக்குகளில் எனக்கு ஐயம் இருக்கிறது.

முதலாவது: (ப + 2)² − ப² என்பதை அவள் இருபடிக் கோவை என்று எழுதினாள். தவறு என்று குறித்துவிட்டார்கள். இரண்டாம் அடுக்கு கண்ணுக்குத் தெரியும்போது அது எப்படி இருபடி ஆகாமல் போகும்?

இரண்டாவது: வாடகை வண்டிக் கட்டணத்தைப் பற்றிய ஓர் அட்டவணை. 2 கிலோமீட்டருக்கு 5.50 வெள்ளி (ரிங்கிட்), 4 கிலோமீட்டருக்கு 8 வெள்ளி, 8 கிலோமீட்டருக்கு 13 வெள்ளி. தூரம் கூடக் கூடக் கட்டணமும் கூடுகிறது என்பதால் நேர்மாறல் என்று எழுதினாள். அதுவும் தவறாம். கூடினால் கூடுவதுதானே நேர்மாறல்?

பிரிக்பீல்ட்ஸ் ஆசிரியர் (கோலாலம்பூர்)

வணக்கம் ஐயா. முதல் கணக்கை மட்டும் இப்போது எடுத்துக்கொள்கிறேன். மாறலுக்குத் தனியாக எழுத வேண்டும். நீங்கள் எழுதியதைப் போலவே நானும் பாடநூலில் உள்ள எக்ஸுக்கு ப என்றும், வைக்கு ம என்றும், மாறிலிக்குக் க என்றும் எழுதுகிறேன். எல்லாரும் இப்படியே எழுதினால் இழையைப் படிப்பவர்களுக்குக் குழப்பம் இராது.

வகைப்படுத்துவதற்கு முன் சுருக்க வேண்டும் என்பதே இங்கு முதல் விதி. (ப + 2)² என்பதை விரித்தால் ப² + 4ப + 4 கிடைக்கும். அதிலிருந்து ப²-ஐக் கழித்தால் எஞ்சுவது 4ப + 4. இதில் உறுப்புகள் இரண்டு, மிகப் பெரிய அடுக்கு ஒன்று. ஆகவே இது ஒருபடிக் கோவை. உறுப்புகளின் எண்ணிக்கையால் ஈருறுப்புக் கோவை. கண்ணுக்குத் தெரிந்த இரண்டாம் அடுக்கு, கழித்தலில் முற்றாக அடிபட்டுப் போய்விட்டது. தேர்வில் இத்தகைய கணக்கைத் தருபவர்கள், மாணவர் தோற்றத்தைப் பார்த்து விடை எழுதுகிறாரா, வேலையைச் செய்துவிட்டு எழுதுகிறாரா என்பதைத்தான் சோதிக்கிறார்கள்.

பல்லுறுப்புக் கோவை என்றால் என்ன என்பதையும் ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வோர் உறுப்பும் ஓர் எண்ணையும் மாறியின் ஓர் அடுக்கையும் பெருக்கியதாக இருக்க வேண்டும். அந்த அடுக்கு 0, 1, 2, 3 என்று குறையில்லாத முழு எண்ணாக இருக்க வேண்டும். உறுப்புகளின் எண்ணிக்கை முடிவுள்ளதாக இருக்க வேண்டும். கட்டுப்பாடு முழுவதும் அடுக்கின்மீதுதான், கெழுவின்மீது, அதாவது மாறியைப் பெருக்கும் எண்ணின்மீது, இல்லை. ஆகவே √3 × ப என்பது பல்லுறுப்புக் கோவைதான், √ப என்பது இல்லை. ப/5 என்பது பல்லுறுப்புக் கோவை, 5/ப என்பது இல்லை, ஏனெனில் அங்கே அடுக்கு −1. ப² பல்லுறுப்புக் கோவை. 2-இன் தலைமேல் ப ஏறிக்கொண்டால் அது வேறு இனம்.

இரண்டு மாறிகள் வந்தால் ஓர் உறுப்பில் உள்ள அடுக்குகளைக் கூட்ட வேண்டும். ப²ம³ + ப⁴ என்பதன் படி 4 இல்லை, 5. முதல் உறுப்பில் 2 + 3 இருக்கிறது. பெரிய எண்ணாக அச்சாகியிருக்கும் 4-ஐப் பார்த்தே பாதிப் பேர் விடை எழுதிவிடுகிறார்கள்.

கெப்போங்காரன் (கோலாலம்பூர்)

ஆசிரியர் சொன்னதில் பிழை ஏதும் இல்லை. ஆனால் இந்த ஓருறுப்பு, ஈருறுப்பு, மூவுறுப்பு என்று பெயர் சூட்டும் வேலையால் பிள்ளைகளுக்கு என்ன பயன் என்று யாராவது சொல்லுங்கள். படியைக் கொண்டு வகைப்படுத்துவதில் பொருள் இருக்கிறது. ஒருபடிச் சமன்பாட்டை ஒரே மூச்சில் தீர்க்கலாம். இருபடிக்குச் சூத்திரம் உண்டு. அதைப் பிள்ளைகள் நான்காம் படிவத்திலேயே தொட்டுவிடுகிறார்கள். முப்படிக்கும் நாற்படிக்கும் உரிய தீர்வுமுறைகளை இத்தாலியில் கார்டானோ 1545-இல் அச்சில் கொண்டுவந்தார். ஐந்தாம் படிக்கு அத்தகைய பொதுச் சூத்திரமே இருக்க முடியாது என்று நார்வே நாட்டு ஏபெல் 1824-இல் நிறுவினார். படி ஒன்று கூடினால் கணக்கின் தலைவிதியே மாறுகிறது. உறுப்பு ஒன்று கூடினால் என்ன மாறுகிறது? ப² − 9 ஈருறுப்பு, ப² − 6ப + 9 மூவுறுப்பு; இரண்டையும் ஒரே சூத்திரத்தில் போட்டுத் தீர்க்கிறோம். என் கருத்தில், உறுப்பெண்ணிக்கை மனப்பாடத்துக்காக வைத்த பாடம். பயிற்சித்தாளை நிரப்ப வசதியாக இருப்பதால் அதை இன்னும் விட்டுவைத்திருக்கிறார்கள்.

செந்தூல்வாசி

ஆசிரியர் ஐயாவுக்கு நன்றி. அடிபட்டுப் போனதைக் காட்டியதும் மகளுக்கு உடனே விளங்கிவிட்டது. அதே பக்கத்தில் வெறும் 7 என்றும், வெறும் 0 என்றும் இரண்டு கணக்குகள் இருக்கின்றன. மாறியே இல்லாதபோது படியை எப்படிச் சொல்வது?

ஓய்வாசிரியை (பட்டர்வொர்த், பினாங்கு)

7 என்பதை 7 × ப⁰ என்று பாருங்கள் தம்பி. அடுக்கு 0 என்பதால் படி 0. இதை மாறிலிக் கோவை என்பார்கள். ஓருறுப்புக் கோவை என்றாலும் சரியே.

0 மட்டும் தனிக்கதை. அதற்குப் படி இல்லை, அதாவது வரையறுக்கப்படவில்லை என்று எழுத வேண்டும். காரணத்தைச் சொல்லிவிட்டால் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள். இரண்டு கோவைகளைப் பெருக்கினால் படிகள் கூடும் என்பது விதி. ப²-ஐ ப³-ஆல் பெருக்கினால் ப⁵ வருகிறது அல்லவா? இப்போது 0-க்குப் படி 0 என்று வைத்துக்கொண்டு அதை ப³-ஆல் பெருக்குங்கள். விதிப்படி விடையின் படி 3 ஆக வேண்டும், ஆனால் விடை மறுபடியும் 0. எந்த முழு எண்ணைப் படியாகக் கொடுத்தாலும் இந்த முரண் வரும். அதனால்தான் கொடுக்காமல் விட்டுவிட்டார்கள்.

கெப்போங் தம்பிக்கு ஒரு சொல். பெயர் சூட்டுவது மட்டுமே பாடமானால் நீங்கள் சொல்வது நியாயம். இருந்தாலும் கொஞ்சம் பொறுத்திருங்கள். மாறல் பேச்சு வரும்போது இதைத் திரும்பிப் பார்க்கலாம்.

ஜெலுத்தோங் மாணவி (பினாங்கு)

டீச்சர், (ப² − 4)/(ப − 2) என்பதைச் சுருக்கினால் ப + 2 வருகிறது. சுருக்கிய பிறகுதான் வகைப்படுத்த வேண்டும் என்றால் இதையும் ஒருபடிக் கோவை என்று சொல்லிவிடலாமா?

ஓய்வாசிரியை

நல்ல கேள்வி அம்மா. ப-வுக்கு 2-ஐக் கொடுத்துப் பாருங்கள். ப + 2-இல் 4 கிடைக்கிறது. மூலக் கோவையில் 0-ஐ 0-ஆல் வகுக்கும் நிலை வருகிறது, அதற்கு மதிப்பே இல்லை. ஆகவே ப = 2 நீங்கலாக மற்ற எல்லா இடத்திலும் அது ப + 2-க்குச் சமம்; கொடுத்த வடிவத்தில் அது பல்லுறுப்புக் கோவை இல்லை, விகிதமுறு கோவை, அதாவது ஒரு பல்லுறுப்புக் கோவையை இன்னொன்றால் வகுத்தது. கூட்டல், கழித்தல், பெருக்கல் ஆகியவற்றால் சுருக்கும்போது எதுவும் தொலைவதில்லை. மாறியால் வகுத்துச் சுருக்கும்போது மட்டும் எந்த மதிப்பு விலக்கப்பட்டது என்பதைக் கையோடு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

பிரிக்பீல்ட்ஸ் ஆசிரியர்

இப்போது மாறலுக்கு வருவோம். செந்தூல் ஐயா, "கூடினால் கூடும், குறைந்தால் குறையும்" என்ற வாய்பாடு எங்கிருந்தோ பிள்ளைகளின் மனத்தில் ஏறி உட்கார்ந்துவிடுகிறது. அது நேர்மாறலின் ஒரு விளைவு. வரையறையாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. மாறிலி மிகை எண்ணாக இருக்கும்போது நேர்மாறலில் இரண்டும் சேர்ந்தே கூடும் என்பது உண்மை. ஆனால் சேர்ந்து கூடுவதெல்லாம் நேர்மாறல் ஆகிவிடாது. தாயின் வயதும் மகளின் வயதும் சேர்ந்தேதான் கூடுகின்றன. மகளின் வயது இரட்டிப்பாகும்போது தாயின் வயதும் இரட்டிப்பாகிறதா?

வரையறை இதுதான்: ம/ப என்ற ஈவு எல்லா இடத்திலும் ஒரே எண்ணாக நிற்க வேண்டும். அந்த எண்தான் க; ஆகவே ம = க × ப. எதிர்மாறலில் ஈவுக்குப் பதிலாகப் பெருக்கல் பலன் நிலையாக நிற்க வேண்டும்: ம × ப = க, அதாவது ம = க/ப. எது கூடுகிறது, எது குறைகிறது என்று பார்ப்பதை விட்டுவிட்டு, எது மாறாமல் நிற்கிறது என்று தேடச் சொல்லுங்கள்.

வண்டிக் கட்டண அட்டவணையைச் சோதிப்போம். 5.50-ஐ 2-ஆல் வகுத்தால் 2.75. 8-ஐ 4-ஆல் வகுத்தால் 2. 13-ஐ 8-ஆல் வகுத்தால் 1.625. மூன்றும் மூன்று எண்கள். ஆகவே நேர்மாறல் இல்லை. தூரம் 4-இலிருந்து 8-க்கு இரட்டிப்பானபோது கட்டணம் 8-இலிருந்து 16 ஆகாமல் 13-இலேயே நின்றுவிட்டது என்பதிலும் அதைக் காணலாம். உண்மையில் அந்த அட்டவணை ம = 1.25ப + 3 என்ற சமன்பாட்டிலிருந்து வந்திருக்கிறது. ஏறி உட்கார்ந்ததற்கே 3 வெள்ளி, பிறகு கிலோமீட்டருக்கு 1.25 வெள்ளி. வரைபடம் நேர்கோடுதான், ஆனால் அது ஆதிப்புள்ளி வழியாகச் செல்லாது. நேர்மாறலின் கோடு ஆதிப்புள்ளி வழியாகச் சென்றே ஆக வேண்டும்.

மறுபக்கமும் இப்படியே. 60 லிட்டர் தொட்டியிலிருந்து நிமிடத்துக்கு 4 லிட்டர் வெளியேறினால், நேரம் கூடக் கூட நீர் குறைகிறது. இதை எதிர்மாறல் என்று எழுதும் மாணவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். 5-ஆம் நிமிடத்தில் 40 லிட்டர், பெருக்கினால் 200. 10-ஆம் நிமிடத்தில் 20 லிட்டர், பெருக்கினால் மறுபடியும் 200! இங்கேயே நிறுத்திவிட்டால் எதிர்மாறல் என்றே தோன்றும். 3-ஆம் நிமிடத்தையும் பாருங்கள்: 48 லிட்டர், பெருக்கினால் 144. இரண்டு வரிசைகளை மட்டும் சோதித்துவிட்டு விடை எழுதக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

பாயான் லெப்பாஸ் பொறியாளர் (பினாங்கு)

ஆசிரியர் கூறியதை ஒட்டி, பினாங்கிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. தீவைப் பெருநிலத்தோடு இணைக்க 1985-இல் திறக்கப்பட்ட முதல் பாலத்தின் மொத்த நீளம் 13.5 கிலோமீட்டர். மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் கடந்தால் 18 நிமிடம். வேகத்தை இரட்டித்து 90 ஆக்கினால் 9 நிமிடம். வேகத்தையும் நேரத்தையும் (நிமிடத்தை மணியாக மாற்றிக்கொண்டு) பெருக்கினால் ஒவ்வொரு முறையும் 13.5 வரும். அதாவது அந்த மாறிலி க வேறெதுவும் இல்லை, பாலத்தின் நீளம்தான். பிள்ளைகள் க என்பதை விடை கண்டுபிடிக்க உதவும் ஒரு வெற்று எண்ணாகவே பார்க்கிறார்கள். அதற்கு அலகு உண்டு, பொருள் உண்டு. 2014-இல் திறக்கப்பட்ட இரண்டாவது பாலத்துக்கு மாறினால் க = 24 ஆகிவிடும்; சமன்பாட்டின் வடிவம் மாறாது.

இரண்டாவது பாலத்தை வைத்து இன்னொன்றையும் கவனியுங்கள். வேகம் 40-இலிருந்து 50 ஆனால் நேரம் 36 நிமிடத்திலிருந்து 28.8 நிமிடமாகக் குறைகிறது, 7.2 நிமிடம் மிச்சம். 80-இலிருந்து 90 ஆனால் 18 நிமிடத்திலிருந்து 16. மிச்சம் 2 நிமிடம்தான். இரண்டு இடத்திலும் கூட்டிய வேகம் அதே 10. எதிர்மாறலின் வளைவு இப்படித்தான் முதலில் செங்குத்தாகச் சரிந்து, பிறகு படுத்துவிடுகிறது. ஏற்கெனவே வேகமாகப் போகும் வண்டியை இன்னும் மிதிப்பதால் பெரிதாக ஒன்றும் கிடைப்பதில்லை என்று என் தம்பியிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். அவனுக்குக் கணிதம் பிடிக்காது.

அடுத்தது கெப்போங் அண்ணாவுக்கு. உறுப்பெண்ணிக்கையால் என்ன பயன் என்று கேட்டீர்கள். அதன் பயன் மாறலில்தான் இருக்கிறது. 3ப² என்ற ஓருறுப்புக் கோவையில் ப-வை இரட்டியுங்கள்: 3 × 4ப², அதாவது பழைய மதிப்பைப் போல் நான்கு மடங்கு. ப எதுவாக இருந்தாலும், 1 ஆனாலும் 1000 ஆனாலும், அதே நான்கு மடங்குதான். இப்போது 3ப² + ப என்ற ஈருறுப்புக் கோவையை எடுங்கள். ப = 1 என்றால் மதிப்பு 4; ப = 2 என்றால் 14; மூன்றரை மடங்கு. 2-இலிருந்து 4-க்குப் போனால் 14-இலிருந்து 52, ஏறக்குறைய 3.71 மடங்கு. மடங்கு நிலையாக இல்லை.

இது இந்த ஓர் எடுத்துக்காட்டுக்கு மட்டும் பொருந்துவதன்று. எளிதாக நிறுவவும் முடியும். ஒரு பல்லுறுப்புக் கோவையில் ப-வை இரட்டித்தால் ப¹ உள்ள உறுப்பு 2 மடங்காகும், ப² உள்ளது 4 மடங்காகும், ப³ உள்ளது 8 மடங்காகும், மாறிலி உறுப்பு அப்படியே நிற்கும். கோவை முழுவதும் ஒரே மடங்கில் பெருக வேண்டும் என்றால், வெவ்வேறு அடுக்குள்ள இரண்டு உறுப்புகள் அதில் இருக்கவே முடியாது. ஆகவே இரட்டிப்புக்கு நிலையான மடங்கைத் தரும் பல்லுறுப்புக் கோவைகள் ஓருறுப்புக் கோவைகள் மட்டுமே. ம ∝ ப, ம ∝ ப², ம ∝ ப³ (∝ என்பது நேர்மாறலில் இருக்கிறது என்பதற்கான குறி) என்று மாறல் அத்தியாயத்தில் படிப்பவை அனைத்தும் அவைதான். வண்டிக் கட்டணம் ஏன் நேர்மாறல் ஆகவில்லை என்றால், 1.25ப + 3 ஈருறுப்புக் கோவை. அவ்வளவே. பயிற்சித்தாளின் இரண்டு பக்கங்களும் ஒரே தாளில் இருப்பதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

கெப்போங்காரன்

பொறியாளர் தம்பி, நிறுவிய விதம் அழகு. ஆனாலும் இரண்டு தடைகள் இருக்கின்றன. ஒன்று, 3ப² + ப-வில் ப-வை 1000-இலிருந்து 2000 ஆக்கிப் பாருங்கள், மடங்கு 3.9993-க்கு மேலேயே இருக்கும். ப பெரிதாகப் பெரிதாகச் சிறிய உறுப்பு கரைந்துபோய், படிதான் மறுபடியும் ஆட்சி செய்கிறது. இரண்டு, எதிர்மாறல் க/ப பல்லுறுப்புக் கோவையே இல்லை. உங்கள் ஓருறுப்புக் கதையில் அதற்கு இடம் எங்கே?

பாயான் லெப்பாஸ் பொறியாளர்

முதல் தடை சரியானதுதான் அண்ணா. ப பெரிதாக இருக்கும் இடத்தில் படிதான் முடிவுசெய்கிறது. ஆனால் வண்டியில் நாம் ஆயிரம் கிலோமீட்டர் போவதில்லை. நாலு கிலோமீட்டர் போகிறோம். அங்கே அந்த 3 வெள்ளி கரைவதில்லை, பைக்குள் கனமாகவே தெரிகிறது.

இரண்டாவது தடைக்கு: க/ப என்பது க × ப⁻¹. ஒரே உறுப்பு, அடுக்கு மட்டும் −1. ப-வை இரட்டித்தால் எப்போதும் பாதியாகும். மடங்கு நிலையாகவே இருக்கிறது. √ப-வுக்கும் அப்படித்தான், நான்கு மடங்கு கொடுத்தால் இரு மடங்கு ஆகும். ஆகவே மாறல் என்பது பல்லுறுப்புக் கோவையின் வேலியைத் தாண்டிப் போகிறது, ஓருறுப்பு என்ற நிபந்தனையைத் தாண்டிப் போவதில்லை. வேலிக்கு உள்ளே இருப்பவை ப, ப², ப³ போன்றவை. வெளியே இருப்பவை 1/ப, 1/ப², √ப போன்றவை. தாளின் முதல் பக்கத்தில் 5/ப பல்லுறுப்புக் கோவை இல்லை என்று எழுதிய பிள்ளை, இரண்டாம் பக்கத்தில் அதையே எதிர்மாறல் என்று எழுத வேண்டும்.

ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். ஈருறுப்பாக இருப்பது சில வேளைகளில் பொருளின் குணமாக இராமல், நாம் எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறோம் என்பதன் விளைவாக இருக்கும். நான்காம் படிவ இயற்பியலில் வாயு விதிகள் வருகின்றன. அழுத்தம் மாறாதபோது வாயுவின் பருமன் வெப்பநிலைக்கு நேர்மாறலில் இருக்கிறது என்று படிக்கிறோம். செல்சியஸில் அளந்து பார்த்தால் இது பொய்யாகிவிடும். நம் ஊரின் 30 பாகையை 60 ஆக்கினால் பருமன் இரட்டிப்பாகாது. ஏறக்குறைய பத்து விழுக்காடுதான் கூடும். செல்சியஸில் வரையும் கோடு ஆதிப்புள்ளி வழியாகச் செல்வதில்லை; அதைப் பின்னோக்கி நீட்டினால் −273 பாகைக்குச் சற்றுக் கீழே அச்சைத் தொடுகிறது. அந்த இடத்தையே சுழியமாக வைத்து எண்ணுவதுதான் கெல்வின் அளவு. 303 கெல்வின் 333 ஆகிறது. 333-ஐ 303-ஆல் வகுத்தால் 1.099, அதே மடங்குதான் பருமனிலும். சுழியத்தை நகர்த்தியதும் ஈருறுப்பு ஓருறுப்பாகிவிட்டது.

கட்டணக் கணக்கையும் அப்படிப் பார்க்கலாம். கட்டணம் தூரத்துக்கு நேர்மாறலில் இல்லை. கட்டணத்திலிருந்து 3 வெள்ளியைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பார்த்தால் 2.50, 5, 10 என்று அது தூரத்துக்கு நேர்மாறலில் இருக்கிறது.

கெப்போங்காரன்

சரி, மாறலுக்கு முன் ஓருறுப்பை அடையாளம் காணக் கற்பிப்பதை ஒப்புக்கொள்ளலாம். ஈருறுப்புக்கும் மூவுறுப்புக்கும் தனித்தனிப் பெயர் எதற்கு என்று மட்டும் இன்னும் கேட்டுக்கொண்டிருப்பேன். ஒன்று, ஒன்றுக்கு மேல். இரண்டே பெட்டி போதும்.

செந்தூல்வாசி

மகள் இப்போது என் அருகில் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்துவிட்டாள். அவள் கேட்பதை அப்படியே எழுதுகிறேன். விளக்கிலிருந்து உள்ள தொலைவு 1, 2, 3, 4 மீட்டர். ஒளிச்செறிவு முறையே 36, 9, 4, 2.25 அலகு. பெருக்கினால் 36, 18, 12, 9 என்று மாறிக்கொண்டே போகிறது. ஆகவே எதிர்மாறல் இல்லை என்று விட்டுவிடலாமா?

ஓய்வாசிரியை

விட்டுவிடக் கூடாது அம்மா. ம × ப நிலையாக இல்லை என்றால், ப-வின் முதல் அடுக்குக்கு எதிர்மாறல் இல்லை என்பது மட்டுமே உறுதியாகிறது. இரட்டிப்பைப் பாருங்கள்: தொலைவு 1-இலிருந்து 2 ஆனபோது செறிவு 36-இலிருந்து 9, அதாவது நான்கில் ஒரு பங்கு. 2-இலிருந்து 4 ஆனபோது 9-இலிருந்து 2.25, மறுபடியும் நான்கில் ஒரு பங்கு. மடங்கு நிலையாக இருக்கிறது. பாதி என்றால் அடுக்கு −1, நான்கில் ஒன்று என்றால் −2. ம × ப²-ஐக் கணக்கிடுங்கள்: 36, 36, 36, 36. ஆகவே ம = 36/ப².

ஒளி ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்பதற்கும் காரணம் உண்டு. ஒரு சிறு விளக்கிலிருந்து எல்லாப் பக்கமும் பரவும் ஒளி, தொலைவு இரட்டிப்பாகும்போது நான்கு மடங்கு பரப்பின்மீது விரிகிறது. கோளத்தின் பரப்பு ஆரத்தின் இரண்டாம் அடுக்கைப் பொறுத்தது அல்லவா? கீழே இருக்கும் ப² அங்கிருந்துதான் வருகிறது.

இணைந்த மாறலுக்கும் ஒரு கணக்குத் தருகிறேன். நீங்களே செய்து பாருங்கள். ம என்பது ப-வின் இரண்டாம் அடுக்குக்கு நேர்மாறலிலும், ந-வின் வர்க்கமூலத்துக்கு எதிர்மாறலிலும் இருக்கிறது. ப = 3, ந = 16 ஆக இருக்கும்போது ம = 9. முதலில் ம-வை ப, ந ஆகியவற்றால் எழுதுங்கள். பிறகு ப = 5, ந = 25 என்றால் ம எவ்வளவு? ம = 8, ப = 4 என்றால் ந எவ்வளவு?

ஜெலுத்தோங் மாணவி

இடையில் ஒரு சிறு விண்ணப்பம். "6 பேர் 10 நாளில் செய்யும் வேலையை 12 பேர் எத்தனை நாளில் செய்வார்கள்" என்ற கணக்கை எதிர்மாறலுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லும்போது, எல்லாரும் ஒரே வேகத்தில் வேலை செய்கிறார்கள், ஒருவர் மற்றவருக்கு இடைஞ்சல் இல்லை என்ற நிபந்தனையையும் சேர்த்துச் சொல்லுங்கள். அது இல்லாவிட்டால், 600 பேரைச் சேர்த்தால் அந்த வேலை பத்தில் ஒரு நாளில் முடிந்துவிடும் என்றுதான் விடை வரும். 1662-இல் பாயில் வெளியிட்ட விதிகூட, வெப்பநிலை மாறாதபோது என்ற நிபந்தனையோடுதான் அழுத்தமும் பருமனும் எதிர்மாறலில் இருப்பதாகச் சொல்கிறது.

செந்தூல்வாசி

மகளின் விடை:

ம ∝ ப²/√ந. ஆகவே ம = க × ப²/√ந. 9 = க × 9/4 என்பதால் க = 4. சமன்பாடு ம = 4ப²/√ந.

ப = 5, ந = 25 என்றால் ம = 4 × 25/5 = 20.

ம = 8, ப = 4 என்றால் 8 = 64/√ந, √ந = 8, ந = 64.

சரியா டீச்சர்? முதல் வரியில் ∝ குறியோடு எழுதாமல் நேரடியாகச் சமன்பாட்டை எழுதலாமா என்றும் கேட்கிறாள்.

ஓய்வாசிரியை

மூன்றும் சரி. ∝ உள்ள வரியை எழுதச் சொல்லுங்கள். கேள்வியின் சொற்களைக் குறியாக மாற்றும் வேலை அந்த வரியில்தான் நடக்கிறது. தவறு நேர்ந்தால் பெரும்பாலும் அங்கேதான் நேர்கிறது, குறிப்பாக எதிர்மாறல் என்று படித்துவிட்டு ந-வை மேலே வைத்துவிடுவது. அந்த வரி தாளில் இருந்தால் தவறைத் தேடிப் பிடிப்பதும் எளிது. இன்னொன்று, க-வைக் கண்டுபிடித்ததோடு நிறுத்திவிடக் கூடாது. "ம-வை ப, ந ஆகியவற்றால் எழுதுக" என்று கேட்டால் விடை 4 இல்லை; ம = 4ப²/√ந என்ற முழுச் சமன்பாடுதான் விடை.

பிரிக்பீல்ட்ஸ் ஆசிரியர்

அந்தச் சமன்பாட்டையே வைத்து மகளிடம் இன்னொரு கேள்வியும் கேளுங்கள் ஐயா, எண் எதுவும் கொடுக்காமல்: ப-வை இரட்டித்து ந-வை நான்கு மடங்காக்கினால் ம என்ன ஆகும்? மேலே 4 மடங்கு, கீழே 2 மடங்கு. ஆகவே ம இரு மடங்கு. க-வின் மதிப்பைத் தொடாமலே இந்த விடையைச் சொல்ல முடிகிறது என்றால், அந்த அத்தியாயத்தில் எஞ்சியிருக்கும் பயிற்சிகளை அவளே செய்துகொள்வாள்.

செந்தூல்வாசி

கேட்டேன் ஐயா. இரு மடங்கு என்றுதான் சொன்னாள். ப-வை இரட்டிக்கும்போது ம மாறாமலே இருக்க வேண்டுமானால் ந-வைப் பதினாறு மடங்காக்க வேண்டும் என்றும் தானாகவே சேர்த்துச் சொல்கிறாள்; அது சரிதானே?

பிரிக்பீல்ட்ஸ் ஆசிரியர்

சரி. 16-இன் வர்க்கமூலம் 4.